பூசணிக்காய்க்குள் போட்ட காசும் பசுவின் இதயமும்

(அம்பத்தூரை அடுத்த ஒரு குடியிருப்புப் பகுதியில், ஆயுத பூஜைக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை நடந்த குடியிருப்போர் கூட்டத்தில் பேசியதன் எழுத்து வடிவம். மின்னிதழ் வாசகர்களுக்காகச் சற்றே சுருக்கப்பட்டுள்ளது.)



"மாட்டுக்கு வரும் இதய நோய் பற்றிப் பேசப்போறாங்க" என்று செயலாளர் ஐயா அறிவித்ததும் பின்வரிசையில் ரெண்டு பேர் சிரிச்சதை நான் கவனிச்சேன். கோபம் இல்லை. எனக்கே இந்தத் தலைப்பைக் கொடுத்தபோது சிரிப்புதான் வந்தது. மாட்டுக்கு பிபியா, கொலஸ்ட்ராலா என்றுதான் தோணும். ஒரு நிமிஷம், இங்கே மாடு வளர்க்கிறவங்க கை தூக்குங்க. ஒண்ணு, ரெண்டு... நாலு பேர். மீதி எழுபது எண்பது பேர் மாடு வளர்க்கலை. நான் முக்கியமா பேச வந்தது அந்த எழுபது எண்பது பேர்கிட்டதான். ஏன் என்பது போகப் போகத் தெரியும்.

முதலிலேயே ஒன்றைச் சொல்லிடறேன். நான் கால்நடை மருத்துவர் இல்லை. இதழியல் படிச்சுட்டு, அரசுத் திட்டங்களைப் பற்றி மக்களுக்குப் புரியும்படி எழுதுகிற வேலையில் இருக்கேன். மருத்துவர்களிடம் கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் சொல்றேன். மருந்து, ஊசி பற்றி என்கிட்ட கேட்காதீங்க.

நம்ம பக்கத்து ஊர்க் கதையிலிருந்து தொடங்கலாம். 2019 அக்டோபரில் திருமுல்லைவாயலிலிருந்து ஒரு பசுவை வேப்பேரிக்குக் கொண்டுபோனாங்க. 1903-ல் தொடங்கிய சென்னை கால்நடை மருத்துவக் கல்லூரி அங்கேதான் இருக்கு, தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் கீழ். அந்தப் பசுவால் ஒழுங்காகச் சாணி போட முடியலை. வலியில் தன் வயிற்றைத் தானே காலால் உதைத்துக்கொண்டிருந்தது. பாலும் குறைஞ்சிருந்தது. மருத்துவர்கள் ஐந்து மணி நேரத்துக்கும் மேலாக அறுவை சிகிச்சை செய்து வயிற்றிலிருந்து எடுத்த பிளாஸ்டிக்கின் எடை 52 கிலோ. அப்போது டிவி, பேப்பர், வாட்ஸ்அப் எல்லாவற்றிலும் வந்த செய்தி இது. உங்களில் பலருக்கு அந்தப் போட்டோகூட ஞாபகம் இருக்கலாம்.

எல்லோரும் 52 கிலோவைப் பற்றிப் பேசினோம். அந்தப் பிளாஸ்டிக்கோடு சேர்ந்து உலோகப் பொருட்களும் வெளியே வந்தன என்பது செய்தியின் கடைசி வரியில் இருந்தது. கடைசி வரி என்பதால் அதை யாரும் பெரிசா எடுத்துக்கலை. இன்னைக்கு என் பேச்சு முழுக்க அந்தக் கடைசி வரியைப் பற்றித்தான். பிளாஸ்டிக் வயிற்றை அடைக்கும். இரும்பு அங்கே நிற்காது, இதயத்துக்குப் போகும்.

எப்படிப் போகும்? மாட்டின் உடம்பு அமைப்பைக் கொஞ்சம் பார்க்கணும்.

ஆடு உதட்டால் இலையைத் தேர்ந்தெடுத்துத் தின்னும். பிடிக்காத காம்பை விட்டுடும். மாடு அப்படி இல்லை. நாக்கை நீட்டி, வளைத்துச் சுருட்டி, அப்படியே உள்ளே இழுக்கும். அரைகுறையாக மென்று விழுங்கிடும், பிறகு நிதானமா அசை போட்டுக்கலாம் என்று. அதன் வாய்க்குள்ளும் நாக்கிலும் சொரசொரப்பான முட்கள் மாதிரி இருக்கும். எல்லாம் தொண்டையைப் பார்த்துச் சாய்ந்திருக்கும். அதனால் உள்ளே போனதைத் துப்புவது மாட்டுக்குக் கஷ்டம். ஆணியை நாக்கு உணர்வதற்குள் ஆணி தொண்டையைத் தாண்டியிருக்கும்.

மாட்டுக்கு நாலு அறை வயிறு என்று பள்ளிக்கூடத்தில் படிச்சிருப்போம். முதல் அறை பெருசு, ஒரு பெரிய டிரம் அளவுக்கு. அதற்கு முன்பக்கம், கொஞ்சம் கீழே, ஒரு சின்ன அறை. உள்சுவர் தேன்கூடு மாதிரி கட்டம் கட்டமாக இருக்கும். தேன்கூட்டு வயிறு என்று வைத்துக்கொள்வோம். கனமான பொருள் எது உள்ளே போனாலும் இந்தக் கட்டங்களில்தான் வந்து விழும். ஆணி, கம்பி, ஸ்க்ரூ, காசு, கல், எல்லாம்.

இப்போ கவனிங்க. அந்தத் தேன்கூட்டு வயிற்றுக்கு முன்னால் உதரவிதானம் என்கிற தசைத்திரை. அந்தத் திரைக்கு அந்தப் பக்கம் இதயம். நடுவில் சில சென்டிமீட்டர்தான். உங்க கட்டைவிரல் நீளத்தை நினைச்சுக்கோங்க. இந்த வயிறு சும்மா இருக்காது. ஏறக்குறைய நிமிஷத்துக்கு ஒரு தடவை இறுகிச் சுருங்கும். உள்ளே ஒரு கூர்மையான கம்பி குத்துக்கு நின்றால், ஒவ்வொரு சுருக்கத்திலும் அதை யாரோ மெதுவாக முன்னால் தள்ளுகிற மாதிரி. ஒரு நாளைக்கு ஆயிரம் தடவைக்கு மேல். வயிற்றுச் சுவரைக் குத்தி, திரையைக் குத்தி, கடைசியில் இதயத்தைச் சுற்றியிருக்கும் உறையைக் குத்தும். கம்பியோடு வயிற்றுக் கிருமிகளும் போகும். இதய உறைக்குள் சீழ் கட்டும், நீர் சேரும். விரிஞ்சு சுருங்க இடமில்லாமல் இதயம் உள்ளேயே நெருக்கப்படும்.

மாட்டுக்கு வருகிற இதய நோய்களில் நம்ம ஊர்ப் பக்கம் அதிகம் கேள்விப்படுவது இதுதான். எருமைக்கும் இதே கதை. நம்மில் பலருக்கு வருவது போல எண்ணெயாலோ டென்ஷனாலோ வருவதில்லை. ஒரு துண்டு இரும்பால் வருது.

சினை மாட்டுக்கு இது இன்னும் ஆபத்து. கன்று வளர வளர வயிறு முன்னால் தள்ளப்படும். பிரசவ நேரத்தில் மாடு முக்கும்போது, மாசக்கணக்காக ஒரு இடத்தில் சும்மா கிடந்த கம்பிகூட நகர்ந்துவிடும்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லலை.

நான் பிளஸ் டூ படிக்கும்போது பட்டாபிராம் பக்கத்தில் எங்க பெரியம்மா வீட்டில் ஒரு கலப்பினப் பசு இருந்தது. லட்சுமி. பக்கத்து மனையில் எங்க வீட்டு மாடி கட்டும் வேலை நடந்துகிட்டு இருந்தது. எட்டு மாசச் சினையில் லட்சுமி திடீரென்று தீவனம் எடுக்கலை. பாட்டி செரிமானக் கோளாறு என்று சொல்லி வெற்றிலை, மிளகு, இஞ்சி எல்லாம் இடிச்சுக் கொடுத்தாங்க. மூணாவது நாள் கொஞ்சம் தின்ன ஆரம்பிச்சதும் சரியாயிடுச்சுன்னு விட்டுட்டோம். கன்று நல்லபடியாகப் பிறந்தது. பத்துப் பன்னிரண்டு நாளில் லட்சுமியின் முன்மார்பில், அலைதாடிப் பக்கம், வீக்கம். கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைச்சு நின்றது. கண் பட்டுடுச்சு என்று எலுமிச்சம்பழம் சுத்திப் போட்டோம். மருத்துவரைக் கூப்பிட்டபோது நேரம் கடந்திருந்தது. இறந்த பிறகு அவர் பரிசோதித்து எடுத்துக் காட்டியது என் சுண்டுவிரல் நீளத்துக்கு ஒரு துண்டு. கட்டுக்கம்பி. சென்ட்ரிங் வேலையில் முறுக்கிக் கட்டுவாங்களே, அதே கம்பி. எங்க வீட்டு மாடிக்கு வாங்கின கம்பி.

பெரியம்மா எங்களை ஒரு வார்த்தை சொல்லலை. கன்றுக்குப் புட்டிப்பால் கொடுத்து வளர்த்தாங்க. ஆனால் அதற்கப்புறம் எங்க வீட்டில் மாடிக்குப் போகும்போதெல்லாம் அம்மா அதைச் சொல்லாமல் இருந்ததில்லை.

சரி. இங்கே வருவோம். அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி என்கிற இந்த வட்டாரத்தில் இரும்பு எங்கிருந்து மாட்டின் வாய்க்குப் போகிறது?

முதலில் எல்லோரும் கை காட்டுவது தொழிற்பேட்டையை. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1960-களில் வந்தது. லேத், வெல்டிங், பிரஸ் பட்டறை, ஸ்பிரிங், போல்ட் நட் என்று இரும்பை அறுக்காத தெருவே இல்லை. இந்தப் பக்கம் ஆவடியில் டாங்கி தொழிற்சாலையைச் சுற்றி சின்னப் பட்டறைகள். லேத்தில் சீவி விழும் சுருள் இருக்கே, அதைப் பெரும்பாலும் யாரும் வீசமாட்டாங்க, எடைக்குப் போட்டால் காசு. பிரச்சினை அதை வண்டியில் ஏற்றும்போது வழியில் சிந்துவது. கேட்டுக்கு வெளியே மண்ணோடு கலந்து கிடப்பது. அதன் மேலேயே மதியம் யாரோ சாப்பாட்டுப் பொட்டலத்தை வைப்பது. பட்டறை வைத்திருக்கிற ரெண்டு அண்ணன்கள் இங்கே இருக்கீங்க. ஒரு பழைய ஸ்பீக்கர் காந்தத்தைக் கம்பில் கட்டி, சாயங்காலம் கடையை மூடும்போது கேட் வாசலில் ஒரு தடவை இழுத்துப் பாருங்க. என்ன ஒட்டுதுன்னு நீங்களே சொல்வீங்க. டயர் பஞ்சரும் குறையும், அதுக்காகவாவது செய்யுங்க.

ஆனால் பட்டறையை மட்டும் சொல்லிட்டு நாம தப்பிக்க முடியாது. நம்ம வீட்டு வாசல் இருக்கு.

கட்டிட வேலை. இந்தப் பகுதியில் எந்தத் தெருவில் ரெண்டு வீடு எழும்பாமல் இருக்கு? கட்டுக்கம்பியும் சென்ட்ரிங் ஆணியும் வேலை முடிஞ்ச பிறகும் மணலில் கிடக்கும். மழை பெய்ததும் அந்த மண்ணில்தான் முதலில் புல் முளைக்கும். மாடு அங்கேதான் வாய் வைக்கும்.

போகி. டயரை எரிக்காதீங்க என்று மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் ஒவ்வொரு வருஷமும் சொல்வது புகைக்காக. எனக்கு இன்னொரு காரணமும் உண்டு. டயருக்குள் மெல்லிய எஃகுக் கம்பிகள் இருக்கு. ரப்பர் எரிஞ்சு போகும், கம்பி போகாது. காலி மனையில் சாம்பலோடு முடி மாதிரிக் கிடக்கும். வைக்கோலோடு ஒட்டினால் மனிதக் கண்ணுக்கே தெரியாது. இங்கிலாந்தில் தீவனக் குவியலை மூடிய ஷீட்டின் மேல் பாரத்துக்குப் பழைய டயர் வைக்கிற வழக்கம் உண்டு. அங்கேயும் இதே கம்பி மாட்டின் வயிற்றுக்குப் போய் இதே நோய் வந்திருக்கு. ஊர் வேற, டயர் ஒண்ணுதான்.

அடுத்த வாரம் ஆயுத பூஜை. அதைச் சொல்லத்தான் இந்த ஞாயிற்றுக்கிழமை கேட்டு வந்தேன். மிஷினுக்கும் வண்டிக்கும் மாலை போடுவோம். இப்போ கடையில் வாங்குகிற பல மாலைகளில் பூவை நாரால் கட்டுவதில்லை. ஸ்டேப்ளர் பின், மெல்லிய கம்பி. பொக்கேயில் ஒவ்வொரு பூவுக்கும் ஒரு கம்பி. வாழைக்கன்று கட்டவும் கம்பி. மறுநாள் காய்ந்த மாலையைத் தெருமுனையில் போட்டுட்டுப் போவோம். சாமிக்குப் போட்ட பூவைக் குப்பையில் போட மனசு வராது, மாடு தின்னட்டும் புண்ணியம் என்று ஓரமாக வைப்போம். பின்னோடு சேர்த்து வைப்போம்.

அப்புறம் பூசணிக்காய். ஓட்டை போட்டு, குங்குமம் கொட்டி, காசு போட்டு, நடுரோட்டில் உடைப்போம். பைக்கில் வருகிறவர் வழுக்கி விழுவது தனிக் கதை. மாட்டுக்குப் பூசணி ரொம்பப் பிடிக்கும். சின்னப் பையன்கள் பொறுக்காமல் விட்ட காசு பூசணியோடு உள்ளே போகும். நேர்மையாகச் சொன்னால் காசு இதயத்தைக் குத்தாது, அது வட்டம். தேன்கூட்டு வயிற்றில் பாட்டுக்குக் கிடக்கும். ஆனால் பூசணி வாசனைக்கு வந்த மாடு பக்கத்திலேயே கிடக்கும் மாலையையும் சேர்த்து மேயும். அதுதான் பிரச்சினை. காசை மேலே வைத்துச் சுத்தி எடுத்துக்கலாம், பூசணியை ஓரமாக உடைத்துவிட்டு அள்ளிப் போட்டுடலாம். திருஷ்டி அதனால் திரும்பி வந்ததாக நான் கேள்விப்படலை.

பிளாஸ்டிக் கவர் இதில் எங்கே வருது? மிச்சச் சோறு, காய்கறித் தோல், உடைந்த பல்பு, ஸ்டேப்ளர் பின் குத்திய பில், பல் குத்தும் ஊக்கு எல்லாவற்றையும் ஒரே கவரில் போட்டு முடிச்சு போடுகிறோம். மாட்டுக்கு முடிச்சு அவிழ்க்கத் தெரியாது. சோற்று வாசனைக்காகக் கவரோடு விழுங்கும். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பொருட்களுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை. மஞ்சப்பை இயக்கம் 2021 டிசம்பரில் வந்தது. ஆனாலும் முடிச்சு போட்ட கவர் நம்ம தெருமுனையில் இன்னும் இருக்கு, வரும்போது பார்த்துட்டுத்தான் வந்தேன்.

மாடு வளர்க்கிறவங்களைத் திட்டுவது சுலபம். "பால் கறந்துட்டு ஏன் ரோட்டில் விடறீங்க?" என்று கேட்கிறோம். கேள்வி சரிதான். மாநகராட்சி பிடிச்சு அபராதமும் போடுது. மாட்டுக்காக மட்டும் இல்லை, மாடு முட்டி மனிதர்களுக்கும் அடிபட்டிருக்கு. கட்டி வைத்து வளர்ப்பதுதான் மாட்டுக்கும் நல்லது. அதே சமயம், இந்த ஊர் ஏரிக்கரையும் மேய்ச்சல் நிலமும் மனையாக மாறின பிறகு நாம குடி வந்தோம், மாடு அதுக்கு முன்னாடியே இங்கே இருந்தது என்பதையும் நினைச்சுப் பார்க்கணும். புண்ணாக்கு விலை, வைக்கோல் கட்டு விலை இங்கே கை தூக்கின நாலு பேருக்குத்தான் தெரியும்.

அந்த நாலு பேருக்கு இப்போ. ஐயா, அம்மா, இதை மட்டும் போனில் ரெக்கார்ட் பண்ணிக்கோங்க.

இரும்பு குத்தின மாடு முதலில் காட்டுவது ரெண்டு விஷயம். திடீர் என்று தீவனம் எடுக்காது. பால் ஒரே நாளில் சரிஞ்சு விழும். அசை போடுவது நின்னுடும். முதுகை வில் மாதிரி வளைத்து நிற்கும். முன்னங்கால் முட்டிகளை உடம்போடு ஒட்டாமல் வெளியே விரித்து வைக்கும், மார்பில் எதுவும் படக்கூடாது என்பது மாதிரி. படுக்கும்போதும் எழும்போதும் முனகும். சரிவில் இறங்கத் தயங்கும். மேட்டில் முன்னங்காலை வைத்து நின்றால் அதற்குக் கொஞ்சம் நிம்மதி. பல்லை நறநறவென்று கடிக்கும். லேசான காய்ச்சல் இருக்கும்.

மருத்துவர்கள் ஒரு சின்னச் சோதனை செய்வாங்க. தோள்மேட்டில் தோலை அழுத்திக் கிள்ளுவது. நல்ல மாடு முதுகைக் கீழே இறக்கும். வலி உள்ள மாடு இறக்காது, முனகும்.

இங்கேதான் எங்க வீட்டில் ஏமாந்தோம். மூணு நாலு நாளில் மாடு கொஞ்சம் தேறின மாதிரி இருக்கும். குத்தின இடத்தைச் சுற்றி உடம்பே ஒரு ஒட்டுப் போட்டுக்கொள்ளும். வலி குறையும். கம்பி அங்கேயே இருக்கும். அதனால் "கஷாயம் கொடுத்தோம், கேட்டுச்சு" என்று விட்டுடாதீங்க. தீவனம் எடுக்காமல் முதுகை வளைத்து நின்ற மாட்டை, தேறினாலும் மருத்துவரிடம் காட்டுங்க.

இதய உறை வரைக்கும் போயிடுச்சு என்றால் அடையாளம் வேற. கழுத்து நரம்பு புடைக்கும். தாடைக்குக் கீழேயும் அலைதாடியிலும் நீர் கோத்து வீங்கும். அழுத்தினால் மாவில் விரல் பதிகிற மாதிரி குழி விழும். நாலு எட்டு நடந்தாலே மூச்சு வாங்கும். மருத்துவர் ஸ்டெதாஸ்கோப் வைத்தால் இதயத் துடிப்போடு தண்ணீர் குலுங்குகிற சத்தம் கேட்கும். பக்கெட்டில் பாதித் தண்ணீர் வைத்து ஆட்டின மாதிரி என்று சொல்வாங்க. அந்த நிலைக்கு வந்துட்டால் பெரும்பாலும் காப்பாற்ற முடிவதில்லை. முதல் சில நாளில் வந்தால் வயிற்றைத் திறந்து கம்பியை எடுத்துடலாம். வேப்பேரி கல்லூரி மருத்துவமனையில் மாட்டுக்கே எக்ஸ்ரே, ஸ்கேன் பார்க்கிற வசதி இருக்கு. உங்க ஊர் கால்நடை மருந்தகத்தில் முதலில் காட்டினால், தேவைப்பட்டால் அவங்களே அங்கே அனுப்புவாங்க. திருமுல்லைவாயல் பசுவும் கடைசியில் அங்கேதான் போனது.

வருமுன் தடுக்க ஒரு வழி இருக்கு. கேட்டால் வேடிக்கையாக இருக்கும். மாட்டுக்குக் காந்தம் கொடுப்பது. விரல் நீளத்துக்கு, முனை மழுங்கின உருளைக் காந்தம். மருத்துவர் அதை வாய் வழியாக உள்ளே செலுத்துவார். அதுவும் கனம் என்பதால் நேராகத் தேன்கூட்டு வயிற்றில் போய் உட்காரும். அதற்குப் பிறகு எந்த ஆணி, கம்பி வந்தாலும் அதில் ஒட்டிக்கொள்ளும், குத்துக்கு நிற்காது. ஒரு மாட்டுக்கு ஆயுசுக்கும் ஒரு காந்தம் போதும். அமெரிக்கப் பால் பண்ணைகளில் பல பத்தாண்டுகளாக இது சாதாரண விஷயம். ஒரு வயசு ஆன கிடேரிக்கு, முதல் சினைக்கு முன்னால் போட்டால் நல்லது. ரோட்டில் மேய்கிற மாடு என்றால் மருத்துவரிடம் கட்டாயம் இதைப் பற்றிக் கேளுங்க. செம்புக் கம்பியும் அலுமினியமும் காந்தத்தில் ஒட்டாது, அதையும் மனசில் வையுங்க. பிளாஸ்டிக்குக்குக் காந்தம் ஒன்றும் செய்யாது.

உள்ளே காந்தம் இருக்கா இல்லையா என்று எப்படித் தெரியும்? திசைகாட்டியை மாட்டின் இடது முழங்கைக்குப் பின்னால் மார்பை ஒட்டிக் கொண்டுபோனால் முள் திரும்பும். மருத்துவர்கள் பயன்படுத்துகிற வழிதான் இது. நம்ம போனில் இருக்கும் காம்பஸும் காந்தப் புலத்தை உணர்கிற அதே வேலையைத்தான் செய்யுது. சந்தையில் மாடு வாங்கும்போது விற்கிறவர் "காந்தம் போட்டிருக்கு" என்று சொன்னால் போனை எடுத்துப் பார்க்கலாம். உதைபடாமல் பார்த்துக்கோங்க.

மற்ற இதய நோய்களைச் சுருக்கமாகச் சொல்லிடறேன். ஆறாத மடிநோய், குளம்புப் புண் மாதிரி உடம்பில் எங்கேயாவது நாள்பட்ட சீழ் இருந்தால், அந்தக் கிருமி ரத்தத்தோடு போய் இதய வால்வில் உட்காரும். மாடு இளைச்சுக்கிட்டே போகும், விட்டு விட்டுக் காய்ச்சல் வரும். அதனால் சின்னப் புண்ணையும் விடாதீங்க. செம்மறி ஆடு, வெள்ளாட்டுக்குக் கம்பிப் பிரச்சினை ரொம்ப அரிது, ஏற்கெனவே சொன்ன உதட்டுப் பழக்கத்தால்.

கோமாரி மட்டும் கொஞ்சம் நின்னு சொல்லணும். வாயிலும் குளம்பிலும் கொப்புளம் வரும் நோய் என்றுதான் நமக்குத் தெரியும். பெரிய மாடு பெரும்பாலும் பிழைச்சுடும். ஆனால் பால் குடிக்கிற கன்றுக்கு அந்த வைரஸ் நேராக இதயத் தசையைத் தாக்கும். கொப்புளம் வருவதற்கு முன்னாலேயே, ராத்திரி துள்ளிக்கொண்டிருந்த கன்று காலையில் செத்துக் கிடக்கும். அந்த இதயத்தை அறுத்துப் பார்த்தால் புலித்தோல் மாதிரி வெளிறிய வரிகள் இருக்கும், அதனால் மருத்துவர்கள் அதைப் புலி இதயம் என்றே சொல்றாங்க. ஆறு மாசத்துக்கு ஒருமுறை இலவசமாகக் கோமாரித் தடுப்பூசி போடுறாங்க, நாலு மாசம் ஆன கன்று முதல். 2019-ல் தொடங்கின தேசியத் திட்டம் அது. "ஊசி போட்டால் ரெண்டு நாள் பால் குறையும்" என்று கொட்டகையைப் பூட்டிவைத்துவிடுகிற பழக்கம் இருக்கு. தாய்க்குப் போட்டால்தான் சீம்பால் வழியாகக் கன்றுக்கும் பாதுகாப்பு கிடைக்கும்.

போனை எப்படிப் பயன்படுத்துவது? 1962 என்று சேமிச்சுக்கோங்க. கால்நடை மருத்துவ உதவிக்கான கட்டணமில்லா எண். ஆம்புலன்ஸுக்கு 108 மாதிரி மாட்டுக்கு 1962. கூப்பிடும்போது மாடா எருமையா, எத்தனை மாசச் சினை, எப்போதிலிருந்து தீவனம் எடுக்கலை, சாணி எப்படி, இருக்கும் இடம் என்ன, இவ்வளவும் கையில் வைத்துக்கொண்டு பேசுங்க. மாடு நிற்கிற விதம், நடக்கிற விதம், படுத்து எழுவது, இதை முப்பது நொடி வீடியோ எடுத்து வையுங்க. மருத்துவர் வந்து நிற்கும்போது மாடு ஒழுங்காக நிற்கும், அது எல்லா வீட்டிலும் நடக்கும். சொந்தமாக மாடு இல்லாதவங்களும் 1962-க்குக் கூப்பிடலாம், தெருவில் ஒரு மாடு வலியோடு நின்றால்.

குப்பைத் தொட்டி வழிஞ்சாலோ, காலி மனையில் கட்டிட இடிபாடு கொட்டினாலோ, அம்பத்தூர் மாநகராட்சி மண்டலத்தில் இருப்பவர்கள் 1913-க்குப் பேசலாம், 'நம்ம சென்னை' செயலியில் போட்டோவோடு புகார் போடலாம். ஆவடி, பூந்தமல்லி பக்கம் என்றால் அங்குள்ள உள்ளாட்சி அலுவலகம். ஆணி, பின், பிளேடு, கம்பி, ஊக்கு இதையெல்லாம் ஒரு பழைய டப்பாவில் தனியாகப் போட்டு வையுங்க. நிறைஞ்சதும் பழைய இரும்புக்காரரிடம் கொடுத்துடலாம். குப்பை அள்ளும் பணியாளர்களின் கையிலும் அதே ஊக்குதான் குத்துது.

(பேச்சுக்குப் பிறகு சில கேள்விகள் வந்தன.)

பின்வரிசையில் இருந்த ஒரு தம்பி கேட்டார்: "அமாவாசைக்கு மாட்டுக்கு அகத்திக்கீரை கொடுக்கிறோம். அதிலும் ஆபத்து இருக்கா?"

கீரையில் ஆபத்து இல்லை, தம்பி. கட்டி வைத்திருக்கும் ரப்பர் பேண்டை, நைலான் கயிற்றைக் கழட்டிட்டுக் கொடுங்க. கவரிலிருந்து எடுத்து, கையில் பிடிச்சுக் கொடுங்க. கவரோடு வைத்துவிட்டு வண்டியைக் கிளப்பாதீங்க.

மாடு வளர்க்கும் பெரியவர் ஒருவர் கேட்டார்: "பாப்பா, ஸ்பீக்கர் காந்தம் எங்கிட்ட கிடக்கு. நானே வாழைப்பழத்துல வச்சுக் குடுத்துரவா?"

வேண்டாம், தாத்தா. அது தட்டையான வளையம், விளிம்பு உடையும், உடைஞ்சால் அதுவே குத்தும். மாட்டுக்கென்று செய்த காந்தம் வழவழன்னு இருக்கும். வாயில் தப்பாகத் தள்ளினால் தொண்டையில் சிக்கும். மருத்துவரிடம் கேட்டுப் போடுங்க. ஸ்பீக்கர் காந்தத்தைக் கம்பில் கட்டி உங்க கொட்டகை வாசலை ஒருமுறை கூட்டிடுங்க.

அவர் அங்கேயே எழுந்து, "போன வாரம் எங்க கறுப்பி ரெண்டு நாள் திங்கலைம்மா. இப்ப திங்குது. முதுகு கொஞ்சம் வளைஞ்சாப்பலதான் நிக்குது" என்றார்.

கூட்டம் அதோடு முடிந்தது. அவருடைய போனிலிருந்தே 1962-க்கு அழைத்தோம்.